பந்திப்பூர் சாலையோரம் கருப்பாகக் கிடந்தது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறார், சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஜனவரிக் கடைசியில் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து ஊட்டிக்குப் போயிருக்கிறார். குண்டலுப்பேட்டை தாண்டிப் பந்திப்பூர் காட்டுக்குள் நுழைந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் தரை கரிந்து கிடந்திருக்கிறது. "ஃபாரஸ்ட்காரங்களே கொளுத்துறாங்க சார்" என்று ஓட்டுநர் சொன்னாராம். ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராக எரிந்ததை டிவியில் பார்த்தோமே, இங்கே காவல்காரர்களே தீ வைக்கலாமா? காட்டுத்தீ காட்டுக்கு நல்லதா, கெட்டதா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது? கடைசியாக ஒன்று, மார்ச்சில் நண்பர்களோடு குடகுப் பக்கம் மலையேறப் போகலாமா?

நான் பதினெட்டு வருடமாகப் பெங்களூரில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களை வைத்து எரிந்த காட்டை அளக்கிறவன். "இத்தனை ஏக்கர் நாசம்" என்று பேப்பரில் வருகிறதே, அந்த எண்ணைத் தயாரிக்கிற கூட்டத்தில் ஒருவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஒரு தீயைப் பற்றி அந்த எண் சொல்வது ரொம்பக் கொஞ்சம். எந்த மாதத்தில் எரிந்தது, எவ்வளவு உயரத்துக்கு எரிந்தது, அதே இடம் இதற்கு முன் எப்போது எரிந்தது என்ற மூன்றும் தெரியாமல் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓட்டுநர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். நீங்கள் பார்த்தது தீத்தடுப்புக் கோடு. பனிக்காலம் முடிவதற்குள் சாலையோரப் புல்லையும் சருகையும் ஒரு பட்டையாக ஒதுக்கி, ஈரம் முழுக்கக் காயாத நேரமாகப் பார்த்து வனத்துறை ஆட்களே கொளுத்திவிடுவார்கள். மார்ச்சில் யாராவது காரிலிருந்து பீடித் துண்டை வீசினால், அங்கே பற்றிக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது. மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம் காடுகளில் எரிகிற தீ ஏறக்குறைய எல்லாமே மனிதக் கை வைத்ததுதான். மாட்டுக்குப் புதுப் புல் வர வேண்டும் என்று வைப்பது உண்டு. வனத்துறை மேல் இருக்கிற கோபத்தில் வைப்பது உண்டு. அடுப்பை அணைக்காமல் வந்த அலட்சியமும் உண்டு.

சரி, 2019 பிப்ரவரிக் கடைசியில் பந்திப்பூரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சில நாட்களிலேயே சுமார் 4,400 ஹெக்டேர் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்டின. பெங்களூரிலிருந்து வண்டி பிடித்துக்கொண்டு போய்ப் பச்சைக் கிளையால் தீயை அடித்த இளைஞர்கள் பலர். வாட்ஸ்அப்பில் கருகிய முயலும் மானுமாகப் படங்கள் சுற்றின. அவற்றில் பல வேறு எங்கோ எடுத்தவை. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் உள்பகுதி மட்டுமே சுமார் 870 சதுர கிலோமீட்டர். எரிந்தது 44. ஐந்து சதவீதம் என்று சொன்னால் "அவ்வளவுதானா" என்பீர்கள். ஏக்கர் கணக்கில் பதினோராயிரம் என்றால் "ஐயோ" என்பீர்கள். தீ ஒன்றுதான். எண் மட்டும் நம்மை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது.

என் வேலையின் லட்சணத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். இன்று தீ எச்சரிக்கைக்குப் பயன்படும் விர்ஸ் கருவி 375 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கும். அதற்கு முந்தைய மோடிஸுக்கு ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். விர்ஸைச் சுமக்கும் சுவோமி செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் நடு இரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கிலும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்து இருட்டுவதற்குள் தானே அணைந்த சருகுத்தீயை அது பார்க்கவே பார்க்காது. பெரிய, சூடான தீ மட்டும் கண்ணில் படும். ஆகவே மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தீ என்றாலே பெரிய தீ. போதாக்குறைக்கு ஒருமுறை நான் "கடுமையாக எரிந்தது" என்று அடர் சிவப்பில் குறித்து அனுப்பிய இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தால், அது கரும்பாறை மேல் விழுந்திருந்த மலை நிழல். கூட வந்த வனக்காவலர் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது சாமராஜநகர் பக்கம் பிளிகிரிரங்கன மலையில், சோலிகர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம். அஜ்ஜா என்றுதான் கூப்பிடுவேன். ஆசனூர்ப் பக்கம் பெண் கொடுத்து எடுத்த உறவு இருப்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார். முந்தின வாரம் எரிந்த ஒரு சரிவில் நடந்துகொண்டிருந்தோம். என் ஷூ மிதித்த இடமெல்லாம் சாம்பல் மூக்குப்பொடி மாதிரி எழும்பியது. அஜ்ஜா வெறுங்காலோடு நடந்தார். ஒரு கருமருது மரத்தடியில் நின்று பட்டையைத் தட்டிக் காட்டினார். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகப் பிளந்த பட்டை. கரி முழங்கால் உயரம் வரை ஏறியிருந்தது. அவர் கத்தியால் மேல்பட்டையைச் சீவியதும் உள்ளே செம்பழுப்பு, அதற்கும் உள்ளே ஈரம். "இதுக்கு ஒண்ணும் ஆகலை. இதுக்குச் சட்டை மட்டும்தான் அழுக்கு" என்றார்.

பத்து தப்படி தள்ளி ஒரு நெல்லி மரம். பாதிக் கிளைகள் காய்ந்திருந்தன. உச்சியில் மட்டும் கொத்தாகப் பச்சை. மரத்தின் பச்சை என்று நினைத்தேன், அது புல்லுருவி. அவர்கள் உப்பிலு என்கிறார்கள். "முன்னாடி பொங்கல் கழிஞ்சு, பனி இருக்கறப்பவே தரகு பெங்கி வெப்போம். முழங்காலுக்கு மேல வராது. பிள்ளைங்க தாண்டி விளையாடும். அந்தச் சூட்டுக்கும் புகைக்கும் உப்பிலு தங்காது. நெருப்பு கூடாதுன்னுட்டாங்க. இப்ப உப்பிலு மரத்தைத் தின்னுது, ரோஜ்வாரு கீழ இருக்கறதையெல்லாம் தின்னுது."

தரகு என்றால் நம் சருகு. பெங்கி, தீ. ரோஜ்வாரு என்று அவர் சொன்னது உண்ணிச்செடியை. லான்டானா என்றால் உடனே தெரியும். பெங்களூரில் காலி மனையெல்லாம் மஞ்சளும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. இன்று நம் காடுகளின் மிகப் பெரிய ஆக்கிரமிப்பாளர்.

பிளிகிரிரங்கன மலை 1974இல் சரணாலயம் ஆனது. சோலிகர்கள் காட்டுக்குள்ளேயே வேறு வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுடைய தீயும் தடை செய்யப்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரி ஆய்வு நிறுவனத்தார் அங்கே 1997இலும் 2008இலும் அதே இடங்களில் செடிகளை எண்ணினார்கள். முதல் முறை பத்தில் நான்கு இடங்களில் இருந்த உண்ணிச்செடி, பதினோரு வருடத்தில் பத்தில் எட்டு இடங்களுக்குப் பரவியிருந்தது. ஆராய்ச்சியாளர்களின் முதல் அனுமானம் வேறு. தீ உண்ணிச்செடிக்கு இடம் திறந்துவிடுகிறது, உண்ணிச்செடி காய்ந்து அடுத்த தீக்கு விறகாகிறது, இப்படி ஒரு சுழல் என்று 2005இல் எழுதினார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. சோலிகர்கள் சொன்னதோ தலைகீழ்: தீ நின்ற பிறகுதான் இது பெருகியது. அதே ஆராய்ச்சியாளர்கள் தங்கள் அனுமானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்காமல், உட்கார்ந்து அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து, ஆய்விதழில் பதிப்பித்தார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சியில் பிடித்த இடமே அதுதான். நெல்லி மரங்களைத் தனியாகப் பின்தொடர்ந்த ஆய்விலும், மரம் குறைவதற்குப் பழம் பறிப்பதை விடப் புல்லுருவியும் உண்ணிச்செடியும்தான் பெரிய காரணம் என்று வந்தது. பழம் பறிக்கிறவர்கள்தான் அதுவரை குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

உடனே "அப்படியானால் எல்லா இடத்திலும் கொளுத்தலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள். முதுமலைக்கு வாருங்கள். இந்திய அறிவியல் கழகத்தார் (நம் யஷ்வந்த்பூர் பக்கத்து டாடா இன்ஸ்டிட்யூட்தான்) 1988இலிருந்து அங்கே 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். விரற்கடை பருமனுக்கு மேல் இருக்கிற செடி வரை கணக்கில் உண்டு. தீ வந்து போனபின் எது செத்தது, எது துளிர்த்தது என்று இத்தனை வருடம் விடாமல் பார்த்த இடம் ஆசியாவிலேயே அதிகம் கிடையாது. அங்கே தெரிந்தது இது: பெரிய மரங்களைத் தரைத்தீ பெரிதாகச் சாய்ப்பதில்லை. கன்றுகள் மேலே கருகினாலும் பல இனங்கள் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். ஆனால் அடுத்த தீ வருவதற்குள் அந்தத் துளிர் தீயின் உயரத்தைத் தாண்டித் தலை தூக்கியாக வேண்டும். முதுமலையில் நூறு வருடம் முந்தைய வனத்துறைக் குறிப்புகளையும் பிற்காலப் படங்களையும் ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வு, அங்கே தீ முன்பை விடச் சுமார் மூன்று மடங்கு அடிக்கடி வருகிறது என்றது. சராசரியாக மூணேகால் வருடத்துக்கு ஒரு தீ. ஒவ்வொரு முறையும் துளிர் இடுப்பு உயரம் வந்ததும் தீ வந்து வழித்துக்கொண்டு போனால், இன்றைக்கு நிற்கிற கிழட்டு மரங்கள் விழுந்தபின் அந்த இடத்துக்கு வர ஆள் கிடையாது. மேலிருந்து பார்க்கும் எனக்கு அது பல வருடம் "காடு" என்றே தெரியும்.

மலை உச்சிச் சோலைக்காடுகளின் கதை வேறு. அந்த மரங்களுக்குத் தடித்த பட்டை கிடையாது, தீயோடு பழக்கமே கிடையாது. ஒருமுறை உள்ளே புகுந்தால் ஓரம் ஓரமாகச் சோலை சுருங்கும்.

ஆக, ஜனவரிப் பனியில் ஊர்கிற சருகுத்தீ ஒன்று. மார்ச் மதியத்தில் ஆளுயர உண்ணிச்செடிப் புதரில் ஏறுகிற தீ இன்னொன்று. நம் இலையுதிர்க் காடுகளில் கோடையில் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். எரிய வேண்டியது எல்லாம் தரையில் கிடக்கும், மேலே வெறும் கிளை. அதனால்தான் இங்கே தீ பெரும்பாலும் தரையோடு போகிறது. உண்ணிச்செடி வந்து நடுவில் ஏணி போட்டுவிட்டது. காய்ந்த தண்டு சடசடவென்று பற்றி, கொடியைப் பிடித்துக் கிளைக்கு ஏறுகிறது. 2019இல் கண்டதும் இதைத்தான். தரகு பெங்கியை இன்று அப்படியே திரும்பக் கொண்டுவந்தாலும் அது பழைய தீயாக இருக்காது. முதலில் புதரை வேரோடு எடுக்க வேண்டும். அது பெரும் கூலிச் செலவு. மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் உண்ணிச்செடிக் கழியில் நாற்காலியும் கூடையும் செய்து விற்கிறார்கள். 2024 பிப்ரவரி வாக்கில் லால்பாக்கில் நிஜ அளவில் யானைக் கூட்டம் ஒன்று நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அதெல்லாம் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே கழியை வளைத்துச் செய்தவை. என் பெண் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்தாள். "அப்பா, நீ திட்டுற செடியா இது" என்றாள்.

தீயை மொத்தமாக எதிரியாக்கியது பிரிட்டிஷ் வனத்துறை. மரம் அவர்களுக்குச் சரக்கு. ஆனால் வடக்கே சால் மரக் காடுகளில் தீயை முழுக்க நிறுத்தியபின் சால் கன்றே வராததைப் பார்த்து, 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அவர்களே சில இடங்களில் கட்டுப்படுத்திய தீக்குத் திரும்பினார்கள். நாம் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இனி ஆஸ்திரேலியா. அங்கே ஊர் ஊராக எரிந்ததைச் சொல்லியிருந்தீர்கள். இங்கே ஏன் அப்படி இல்லை? பதில் பெரும்பாலும் தைலமரத்தில் இருக்கிறது. நம் மரங்கள் கோடையில் இலையைக் கொட்டும்போது யூகலிப்டஸ் பச்சையாகவே, எண்ணெய் நிறைந்த இலையோடு நிற்கும். அதன் பட்டை நாடா நாடாவாகத் தொங்கும். தீப்பிடித்த நாடா காற்றில் பறந்து கிலோமீட்டர் கணக்கில் முன்னால் போய் விழுந்து புதுத் தீ மூட்டும். 2009 பிப்ரவரி 7, அவர்கள் கறுப்புச் சனிக்கிழமை என்கிறார்களே, அன்று விக்டோரியா மாநிலத்தில் முப்பது கிலோமீட்டர் வரை இப்படித் தீப்பொறி தாண்டியது. மெல்போர்னில் அன்று வெப்பம் 46.4 டிகிரி. 173 பேர் இறந்தார்கள். தீ அபாயத்தை அளக்க அவர்கள் வைத்திருந்த பழைய அளவுகோலில் 1939ஆம் ஆண்டின் மிக மோசமான நாளை 100 என்று வைத்திருந்தார்கள். 2009இல் அளவுகோலே போதாமல் 100ஐத் தாண்டிப் போனது.

2019-20 கோடையில் அங்கே 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. மூவாயிரத்துக்கும் மேல் வீடுகள். தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அந்தக் கோடையில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் கவிந்த புகையால் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 417 பேர் என்று 2020இலேயே மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கணக்கு வந்தது. தீ தொட்டவர்களை விடப் பன்னிரண்டு மடங்கு அதிகம். புகைக்குப் பலியாகக் காட்டுப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆஸ்துமாவும் இதய நோயும் உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து. பெங்களூரில் காலையில் தெருவைப் பெருக்கிச் சருகைக் குவித்து, கூடவே பிளாஸ்டிக் கவரையும் போட்டுக் கொளுத்துகிறார்களே, அந்த மூலையைக் கடக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வது இந்த எண் ஞாபகத்துக்கு வருவதால்தான்.

இந்தத் தீயின் புகையிலிருந்த இரும்புச் சத்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளித் தென்பெருங்கடலில் விழுந்து, அங்கே நுண்பாசி பெருமளவில் பூத்ததையும் செயற்கைக்கோளில் பார்த்தார்கள். என் தொழிலுக்கும் எப்போதாவது இப்படி ஒரு நல்ல படம் மாட்டும்.

மனிதர்கள் மேல் தீ விடும் தழும்பைப் பற்றிய ஆராய்ச்சியில் ஆஸ்திரேலியர்கள் நம்மை விட வெகுதூரம் முன்னால் இருக்கிறார்கள். கறுப்புச் சனிக்கிழமைக்குப் பிறகு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானோர் மீண்டார்கள். ஆனால் கடுமையாக எரிந்த ஊர்களில் பத்து வருடம் கழித்தும் ஐந்தில் ஒருவருக்கு மனநலத் தொந்தரவின் அறிகுறிகள் இருந்தன. எனக்கு ஆச்சரியமாக இருந்தது பள்ளிக்கூடக் கணக்கு. தீ வந்தபோது பள்ளியில் கால் வைத்திருந்த பிள்ளைகள், சில வருடம் கழித்து எழுதிய தேர்வில், எரியாத ஊர்ப் பிள்ளைகளை விட வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கினார்கள். எல்லோரும் "பிள்ளைங்க மறந்துடுச்சுங்க" என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இது வந்தது. ஏதாவது ஒரு சங்கத்திலோ குழுவிலோ சேர்ந்திருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்பதும் தெரிந்தது. அது கிரிக்கெட் கிளப்பாகவோ பாட்டுக் குழுவாகவோ இருந்தால்கூடப் போதும். ஆனால் எல்லாக் குழுவிலும் தலையைக் கொடுத்து ஓடியாடியவர்கள் களைத்துப்போனார்கள்.

இந்தியாவில் இப்படி ஒரு பின்தொடர்தலை நான் பார்த்ததில்லை. 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் தீயணைக்கப் போன ஒரு வனக்காவலர் உயிரிழந்தார். தீக்காலம் முழுக்கக் காட்டில் கிடக்கும் தற்காலிகத் தீக்காவலர்கள் பெரும்பாலும் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளின் ஆட்கள், தினக்கூலிகள். பச்சைக் கிளையால் அடிப்பது, எதிர்த்தீ வைப்பது, முதுகில் கட்டிய பம்பால் தெளிப்பது என்று அவர்கள் வாங்கும் புகையை யாராவது அளந்திருக்கிறார்களா? ஒரு வேடிக்கை பாருங்கள். தாத்தா தீ வைக்கத் தெரிந்தவர், அதற்காகவே குற்றவாளி ஆனவர். பேரனுக்கு அதே காட்டில் தீயணைக்க மூன்று மாதக் கூலி. 2011இல் பிளிகிரிரங்கன மலை புலிகள் காப்பகம் ஆன அதே ஆண்டில் சோலிகர் கிராமசபைகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமைகளும் கிடைத்தன. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. தேன், நெல்லி, பாசி எடுக்கலாம். தரகு பெங்கி மட்டும் இன்னும் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடக்கே மேற்கு ஆர்னம் லேண்டில் 2006இலிருந்து வேறு மாதிரி நடக்கிறது. அங்குள்ள ஆதிகுடிக் காவலர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு சிறு சிறு தீ வைத்து, கோடைக் கடைசியில் வரும் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். பெருந்தீ குறைவதால் காற்றில் கலக்காமல் மிச்சமாகும் பசுங்குடில் வாயுக்களுக்காக டார்வினில் இயற்கை எரிவாயு ஆலை நடத்திய நிறுவனம் பணம் கொடுத்தது. தாத்தாவின் அறிவுக்குச் சம்பளம். அங்கே நிலம் அவர்கள் பெயரில் இருப்பதால் அது முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தண்ணீரைச் சொல்லாமல் விட்டால் பெங்களூர்க்காரருக்கு இந்தப் பதில் பாதிதான். சருகுத்தீயில் மண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே சூடு அவ்வளவாக இறங்குவதில்லை. விதைகள் பிழைக்கும், சாம்பல் உரமாகும். ஆனால் ஒரு பெரிய கட்டை மணிக்கணக்கில் கனன்ற இடத்தைத் தோண்டிப் பாருங்கள். மண் செங்கல் சூளையில் எடுத்தது போலச் சிவந்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அதில் வருடக்கணக்கில் ஒன்றும் முளைக்காது. மேலே மூடு இல்லாத சரிவில் ஏப்ரல் மழை ஒன்று வலுத்துப் பெய்தால் சாம்பலும் மண்ணும் நேராக ஓடைக்குத்தான். பந்திப்பூரின் வடக்கே கபினி ஓடுகிறது. அது டி. நரசிபுராவில் காவிரியில் சேர்கிறது, அதற்குக் கீழேதான் பெங்களூருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். 2003இல் கான்பெரா நகரைச் சுற்றித் தீ வந்தபோது அதன் முக்கிய நீர்ப்பிடிப்புக் காடு ஏறக்குறைய முழுக்க எரிந்தது. பிறகு பெய்த மழையில் அணைத் தண்ணீர் சேறாகி, அவசர அவசரமாகப் புதிதாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. அதுவரை அவர்கள் காட்டுத் தண்ணீரை ஏறக்குறைய அப்படியே குடித்துக்கொண்டிருந்தவர்கள்.

மார்ச் மலையேற்றத்துக்கு வருகிறேன். குரங்கணி ஞாபகம் இருக்கும். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போன இளைஞர்கள் புல்வெளிச் சரிவில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் அசட்டையானவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. சரிவில் தீ எப்படி நடக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சமதளத்தில் நீங்கள் வேகமாக நடந்தால் தாண்டிவிடக்கூடிய தீ, சரிவு பத்து டிகிரி கூடினால் இரண்டு மடங்கு வேகமாகும், இருபது டிகிரி கூடினால் நாலு மடங்கு. மேலே இருக்கிற புல்லைத் தன் சூட்டால் முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே ஏறுவதால் அப்படி. மனிதன் அதே சரிவில் ஏறும்போது பாதி வேகத்துக்கு வந்துவிடுவான். கீழே தீயைக் கண்டவுடன் கால் தானாக மேல்நோக்கித்தான் ஓடும். அங்கேதான் கணக்கு தவறுகிறது. பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிந்த தரைக்கோ, வெறும் பாறைக்கோ, ஓடைப் படுகைக்கோ போக வேண்டும். நைலான் டி-ஷர்ட் உருகித் தோலில் ஒட்டும், பருத்திச் சட்டை போடுங்கள்.

இதெல்லாம் தெரிந்த நானே பிப்ரவரி பாதியிலிருந்து முதல் இரண்டு மழை விழும் வரை புல்வெளி மலைகளுக்குப் போவதில்லை. அந்த மாதங்களில் பல பாதைகளை வனத்துறையே மூடிவிடும். மூடாத பாதைக்கு "நாங்க பாத்துக்கறோம் ப்ரோ" என்று கூட்டிப்போக ஆள் இருப்பார்கள், நம்பாதீர்கள். மழை ஓய்ந்து அக்டோபரில் போங்கள். புல் இடுப்பளவு பச்சையாக இருக்கும். அட்டை கடிக்கும். ஒரு துணியில் உப்பும் மூக்குப்பொடியும் முடிந்து எடுத்துக்கொண்டால் போதும்.